பூட்டுக்குக் கடிகாரம் கட்டிய ஆபீஸ்

எந்த ஊர் என்று மட்டும் கேட்காதீர்கள். சொன்னால் அந்த ஊர்க்காரர்கள் சண்டைக்கு வருவார்கள். சொல்லாவிட்டால் ஒவ்வொருவரும் தங்கள் ஊர்தான் என்று சத்தியம் செய்வார்கள். அல்லிக்குளம் பல்கலைக்கழகம் என்று வைத்துக்கொள்வோம். அங்கே கணினிப் பிரிவு என்று ஓர் ஆபீஸ் இருந்தது. வாசலில் செருப்பைக் கழற்றுபவர்கள் கூடவே மூளையையும் கழற்றி வைத்துவிட்டு உள்ளே போவார்கள். சாயங்காலம் வீட்டுக்குப் போகும்போது செருப்பை மட்டும் மறக்காமல் மாட்டிக்கொள்வார்கள்.

அந்த ஆபீசில் நாலு பேர். கண்காணிப்பாளர் தணிகாசலம், சட்டம் பேசுபவர். உதவியாளர் பொன்னுரங்கம், யோசனை சொல்பவர். அட்டெண்டர் சடகோபன், கடைக்கு அனுப்பினால் எதற்கு வந்தோம் என்று கடைக்காரரிடமே கேட்பவர். நாலாவது ஆள் கோமதிநாயகம், ஆபீசுக்கு எதிரே இருந்த குளத்துக்கு அந்தக் கரையில், பழைய கட்டடத்தில் தனியாக உட்கார்ந்திருப்பவர்.

ஏன் தனியாக? அங்கேதான் கதையே இருக்கிறது.

மாணவர்களின் ஹால் டிக்கெட், மதிப்பெண், வருகைப் பதிவு எல்லாம் இந்தக் கரையில் ஒரு கம்ப்யூட்டரில் இருந்தது. அதற்கு டேட்டாபேஸ் என்று பெயர். யார் யார் நம் ஆள், அவரவர் பாஸ்வேர்டு என்ன என்பது அந்தக் கரையில் இன்னொரு கம்ப்யூட்டரில் இருந்தது. அதற்கு டைரக்டரி என்று பெயர். யாராவது வந்து ஹால் டிக்கெட் கேட்டால் இது அதைக் கேட்க வேண்டும். அது 'ஆம்' என்றால் இது கொடுக்க வேண்டும். அவ்வளவுதான் ஏற்பாடு. இரண்டையும் இணைக்கிற கேபிள் மட்டும் வந்து சேரவில்லை.

கம்பெனியிலிருந்து வந்திருந்த இன்ஜினியர் கடிகாரத்தைப் பார்த்தார். அவருக்கு பஸ்ஸுக்கு நேரமாகிவிட்டது. ஹால் டிக்கெட் எல்லாவற்றையும் அச்சடித்து மேஜைமேல் அடுக்கினார். டைரக்டரியையும் அச்சடித்து, தடியாக பைண்டு செய்து கோமதிநாயகத்தின் மடியில் வைத்தார். பிறகு தணிகாசலத்தின் கையில் ஒரு தாளைக் கொடுத்தார்.

"திங்கட்கிழமை கேபிள் வந்துடும் சார். அதுவரைக்கும் மெஷின் செய்யறத நீங்க கையால செய்யுங்க. மெஷின் எப்படிச் செய்யுமோ அப்படியே. ஒரு வார்த்தை மாறக் கூடாது."

இந்தக் கதையில் தப்பு செய்த ஒரே ஆள் அவர்தான். மற்ற எல்லோரும் சொன்னபடியே செய்தார்கள்.

தாளில் நாலு வரி இருந்தது. ஒன்று: பாஸ்வேர்டு எதுவும் நம்மிடம் தங்கக் கூடாது, டைரக்டரியைத்தான் கேட்க வேண்டும், அது 'ஆம்' அல்லது 'இல்லை' என்று மட்டும் சொல்லும். இரண்டு: பாஸ்வேர்டு போகிற வழியில் நடுவில் யார் காதிலும் விழக் கூடாது. மூன்று: மூன்று தடவை தப்பானால் ஆளைப் பூட்டிவிட வேண்டும். நாலு: அரை மணி நேரம் கழித்துப் பூட்டு தானாகத் திறந்துகொள்ளும்.

தணிகாசலம் தாளைக் கண்ணில் ஒற்றிக்கொண்டு சுவரில் ஒட்டினார்.

மறுநாள் வியாழக்கிழமை. வெள்ளிக்கிழமை காலை பத்து மணிக்கு எம்.ஏ. இறுதியாண்டுத் தேர்வு. ஹால் டிக்கெட் இல்லாமல் போனால் ஹாலுக்குள் விடமாட்டார்கள். அடுத்த தேர்வு அடுத்த வருஷம்தான். வரிசையில் நாற்பது பேர் நின்றார்கள். முதல் ஆள் அங்கயற்கண்ணி. தத்துவத் துறை. அவளுக்கு மறுநாள் தேர்வு தர்க்கவியல். விடுதியில் தோசை வட்டமாக இருப்பதற்கே காரணம் கேட்கிறவள். அவள் வாதத்தில் தோற்றதாக அதுவரை யாரும் எழுதி வைக்கவில்லை.

"பேரு?" என்றார் தணிகாசலம்.

"அங்கயற்கண்ணி. அதோ பாருங்க சார், மேஜைமேல முதல்ல இருக்கறதே என்னோடதுதான். ஃபோட்டோகூட இருக்கு. எடுத்துக் குடுத்துடுங்க."

தணிகாசலம் ஃபோட்டோவைப் பார்த்தார். அவள் முகத்தைப் பார்த்தார். மறுபடி ஃபோட்டோவைப் பார்த்தார்.

"அதே மூஞ்சிதான்."

"அப்போ குடுங்க."

"மூஞ்சியப் பத்தித் தாள்ல ஒண்ணும் எழுதலையேம்மா. பாஸ்வேர்டு சொல்லு."

அங்கயற்கண்ணி வாயைத் திறந்தாள். அதற்குள் தணிகாசலம் இரண்டு காதுகளையும் பொத்திக்கொண்டு, "நிறுத்து! நிறுத்து!" என்று கத்தினார். "என் காதுல விழுந்தா மனசுல தங்கிடும். மனசு ஆபீஸ்லதானே இருக்கு? நம்மகிட்ட தங்கக் கூடாதுன்னு முதல் வரியிலேயே போட்டிருக்கு."

"அப்போ யாருகிட்டத்தான் சொல்றது?"

மூவரும் கூடி ஆலோசித்தார்கள். கேட்டதை மனதில் வைத்துக்கொள்ளாத ஆள் வேண்டும். பொன்னுரங்கம்தான் விடை கண்டுபிடித்தார்.

"நம்ம சடகோபன் இருக்காரே! இருபது வருஷ சர்வீஸ்ல ஒரு வார்த்தை அவர்கிட்ட தங்கினது உண்டா?"

சடகோபன் வெட்கப்பட்டார். பாராட்டு என்று அவருக்குப் புரிந்தது. யாரைப் பாராட்டினார்கள் என்பது அதற்குள் மறந்துவிட்டது.

அங்கயற்கண்ணி அவர் காதோடு சொன்னாள்: "நெல்லிக்காய் ஊறுகாய்."

சடகோபன் கிளம்பினார். அவள் நம்பிக்கையில்லாமல் பின்னாலேயே போனாள். குளக்கரையில் பாதி தூரம்வரை, "நெல்லிக்காய் ஊறுகாய், நெல்லிக்காய் ஊறுகாய்" என்று முணுமுணுத்துக்கொண்டே நன்றாகத்தான் நடந்தார். வழியில் கேண்டீன் குறுக்கிட்டது. அங்கே எண்ணெய்ச் சட்டியில் அப்போதுதான் எதையோ போட்டார்கள். சடகோபனின் மூக்கு ஒரு தடவை திரும்பிப் பார்த்தது. பழைய கட்டடத்தின் படியேறி, கோமதிநாயகத்தின் முன்னால் நிமிர்ந்து நின்று சொன்னார்:

"அங்கயற்கண்ணி. மசால் வடை."

கோமதிநாயகம் மடியிலிருந்த புத்தகத்தைப் புரட்டினார். விரலை வைத்துப் பார்த்தார்.

"இல்லை."

"சார், சார்!" என்று படியில் நின்றபடியே அங்கயற்கண்ணி கூவினாள். "அது மசால் வடை இல்ல சார், அவர் மறந்துட்டார்! நானே சொல்றேன், கேட்டுக்கறீங்களா?"

"இல்லை."

"நான்தான் அங்கயற்கண்ணின்னு உங்களுக்குத் தெரியும்தானே? போன மாசம் நம்ம ரெண்டு பேரும் சண்டை போட்டோமே?"

"ஆம்."

"இது நியாயமா சார்?"

"இல்லை."

"அப்போ என்னதான் பண்றது?"

கோமதிநாயகம் பேசவில்லை. அந்தக் கேள்விக்கு ஆம் என்றும் சொல்ல முடியாது, இல்லை என்றும் சொல்ல முடியாது. அவர் கண்களில் மட்டும் லேசாக நீர் கோத்தது. காலையிலிருந்து யாரும் அவரிடம் 'காபி வேணுமா?' என்று கேட்கவில்லை. 'வேற என்ன சமாச்சாரம்?' என்றுதான் கேட்டார்கள்.

ஆபீஸ் வாசலில் மறுபடி ஆலோசனை நடந்தது.

"தப்பு நம்ம மேலதான்" என்றார் தணிகாசலம். "ரெண்டாவது வரியப் பாருங்க. நடுவில் யார் காதிலும் விழக் கூடாது. சடகோபன் நடுவிலதான இருந்தாரு? அவர் காதுல விழுந்துதே!"

"கொண்டுபோறவரே கேக்கக் கூடாதுன்னா எப்படி சார் கொண்டுபோவார்?" என்றாள் அங்கயற்கண்ணி.

"பால்காரன் பாலக் குடிச்சா கொண்டு வரான்? மூடிதான கொண்டு வரான்!" என்றார் பொன்னுரங்கம்.

அந்த வாதத்தில் ஓட்டை எங்கே என்று அங்கயற்கண்ணி விரல்விட்டு எண்ணிப் பார்த்தாள்; ஓட்டை அகப்படவில்லை. அவள் வாழ்க்கையில் அது முதல் தடவை.

பொன்னுரங்கம் ஊழியர் குடியிருப்புக்கு ஓடி, வீட்டிலிருந்து ஐந்து லிட்டர் பிரஷர் குக்கரைத் தூக்கிக்கொண்டு வந்தார். "புது கேஸ்கட். காத்துகூட வெளிய போகாது. பாப்பா, உள்ள தலைய விட்டுச் சொல்லு."

அவள் மாட்டேன் என்றாள். வரிசையில் பின்னால் நின்ற முப்பத்தொன்பது பேரும், "சொல்லித் தொலைடீ, மணி பன்னெண்டாச்சு!" என்றார்கள். குக்கருக்குள் குனிந்து, "நெல்லிக்காய் ஊறுகாய்" என்றாள். குக்கர் அதையே கணீரென்று திருப்பிச் சொன்னது. பொன்னுரங்கம் சட்டென்று மூடியைப் போட்டுத் திருகி, மேலே வெயிட்டையும் மாட்டினார். சடகோபன் இரு காதிலும் பஞ்சு வைத்துக்கொண்டு, குக்கரைக் குழந்தைபோல் இடுப்பில் ஏந்தி, குளத்தைச் சுற்றி நடந்தார்.

கோமதிநாயகம் மூடியைத் திறந்தார். காதை உள்ளே விட்டார். வெகுநேரம் அப்படியே இருந்தார். பிறகு மூக்கையும் விட்டு முகர்ந்து பார்த்தார். புத்தகத்தைப் புரட்டி, அங்கயற்கண்ணி என்ற பெயருக்கு எதிரே 'சாம்பார்' என்று இருக்கிறதா என்று நேர்மையாகத் தேடினார்.

"இல்லை."

"வெயில்ல வந்திருக்கு, ஆவியாப் போயிருக்கும்" என்றார் பொன்னுரங்கம், ஆபீசுக்குத் திரும்பி வந்த குக்கரைத் தட்டிப் பார்த்துக்கொண்டே. "வெயிட்ட லேசாப் போட்டுட்டேன் போல."

இரண்டு தடவை தப்பாகிவிட்டது. இனி ஒன்றுதான் மிச்சம். அங்கயற்கண்ணி சுவரில் ஒட்டியிருந்த தாளைத் திரும்பிப் பார்த்தாள். இவர்கள் சொன்னதைச் செய்கிறவர்கள். மூன்றாவது வரியில் என்ன எழுதியிருக்கிறது என்று அவளும் படித்திருந்தாள்.

"சார், கடைசித் தடவை என் யோசனையக் கேளுங்க. ஒரு சீட்டுல எழுதி, கவருக்குள்ள போட்டு, ஒட்டிக் குடுக்கறேன். யார் காதுலயும் விழாது."

தணிகாசலம் அவளைப் பரிதாபமாகப் பார்த்தார். "சீட்டு ஆபீஸ் சீட்டு. அதுல எழுதினா நம்மகிட்ட தங்கின மாதிரிதானே? படிச்ச பொண்ணு, யோசிக்க வேண்டாமா?"

"கண்ணால பார்க்கறதப் பத்தித் தாள்ல ஒண்ணும் சொல்லல" என்றார் பொன்னுரங்கம். "நான் ஒண்ணு சொல்றேன் அண்ணே. முழுசா ஒருத்தர் காதுல விழுந்தாத்தான் அது பாஸ்வேர்டு. மூணா உடைச்சு ஆளுக்கொரு துண்டு கொண்டுபோனா? யாருக்கும் பாஸ்வேர்டு தெரியாது, ஆனா பாஸ்வேர்டு போய்ச் சேர்ந்துடும்!"

அங்கயற்கண்ணி திகைத்தாள். அதில் ஏதோ அர்த்தம் இருப்பதுபோலத் தோன்றியதுதான் அவளுக்குப் பயமாக இருந்தது.

ஆளுக்கொரு துண்டாக வாங்கிக்கொண்டார்கள். 'நெல்லி' தணிகாசலத்துக்கு, மூத்தவர் என்பதால். 'காய்' பொன்னுரங்கத்துக்கு. 'ஊறுகாய்' சடகோபனுக்கு, தின்கிற பொருளாக இருந்தால் அவருக்கு ஞாபகம் நிற்கும் என்று அனுபவத்தில் கண்டிருந்தார்கள். மூவரும் ஒரே நேரத்தில் புறப்பட்டார்கள்.

"வரிசையாப் போங்க சார்! நீங்க முதல்ல போய்ச் சொல்லணும்!" என்று அங்கயற்கண்ணி கெஞ்சினாள்.

"நான் கண்காணிப்பாளர்ம்மா. பின்னால இருந்தாத்தான் முன்னால போறவங்களக் கண்காணிக்க முடியும்" என்றார் தணிகாசலம்.

சடகோபன் முதலில் போய்ச் சேர்ந்து, "ஊறுகாய்" என்றார். பொன்னுரங்கம் மூச்சு வாங்க வந்து, "காய்" என்றார். தணிகாசலத்துக்கு முழங்கால் வலி. கால் மணி நேரம் கழித்துப் படியேறி, கைப்பிடியைப் பற்றிக்கொண்டு, கம்பீரமாக, "நெல்லி" என்றார்.

கோமதிநாயகம் மூன்றையும் வந்த வரிசையிலேயே சேர்த்தார். ஊறுகாய்க்காய்நெல்லி. புத்தகத்தில் அப்படி ஒன்று இல்லை.

"இல்லை."

மூன்று தடவை.

திரும்பி வரும்போது தணிகாசலத்தின் முகம் துக்க வீட்டுக்குப் போகிறவர் முகம்போல இருந்தது. "எனக்கு உம்மேல எந்தக் கோபமும் இல்லம்மா. தாள் சொல்லுது. உன்னப் பூட்டணும்."

"எங்க பூட்டுவீங்க?"

நியாயமான கேள்வி. ஆபீசில் பூட்டுப் போடக்கூடிய அறை ஒன்றே ஒன்றுதான் இருந்தது, ஹால் டிக்கெட் அடுக்கியிருந்த அறை. மூவரும் அவளை மரியாதையோடு அந்த அறைக்குள் அனுப்பி, உட்கார நாற்காலி போட்டு, மின்விசிறியையும் சுழல விட்டு, கதவைச் சாத்தி, வெளியே பெரிய பூட்டாகப் பூட்டினார்கள்.

அங்கயற்கண்ணி நாற்காலியில் உட்கார்ந்தாள். எதிரே மேஜை. மேஜைமேல் நாற்பது ஹால் டிக்கெட். மேலே இருந்தது அவளுடையது. காலையிலிருந்து எதன் பக்கம் அவளை அண்டவிடாமல் காத்தார்களோ, அதனோடு சேர்த்தே அவளைப் பூட்டியிருந்தார்கள். அறைக்குப் பின்பக்கமும் ஒரு கதவு இருந்தது. அதற்குத் தாழ்ப்பாள் இல்லை. கேண்டீன் காற்றுக்கு அது தானாகவே திறந்து மூடிக்கொண்டிருந்தது.

அவள் ஹால் டிக்கெட்டை எடுத்துப் பைக்குள் வைத்தாள். பின்கதவைத் திறந்து, வரிசையில் நின்றவர்களுக்குக் கையைக் காட்டினாள். ஒவ்வொருவராகச் சுற்றி வந்தார்கள். பெயரைக் கேட்டாள், முகத்தைப் பார்த்தாள், ஃபோட்டோவைப் பார்த்தாள், கொடுத்தாள். பதினோரு நிமிஷத்தில் முப்பத்தொன்பதும் தீர்ந்தது.

முன்வாசலில் பொன்னுரங்கம் திரும்பிப் பார்த்தார். "அண்ணே, வரிசையே காணோம்!"

"பாத்தீங்களா? ஒருத்தியப் பூட்டினோம், மத்தவங்க எல்லாம் பயந்து ஓடிட்டாங்க. இதுக்குப் பேர்தான் பாதுகாப்பு" என்றார் தணிகாசலம்.

அரை மணி ஆயிற்று. மூவரும் பூட்டுக்கு எதிரே பெஞ்சு போட்டு உட்கார்ந்து அதையே பார்த்துக்கொண்டிருந்தார்கள். பூட்டு திறக்கவில்லை.

"சாவி உங்க இடுப்பிலதானே இருக்கு?" என்றார் சடகோபன். அன்று அவர் சொன்ன ஒரே உருப்படியான பேச்சு அது.

"தானாகத் திறந்துகொள்ளும்னு போட்டிருக்கு. சாவி போட்டா அது தானாகவா? நாமளாக" என்றார் தணிகாசலம்.

பொன்னுரங்கம் நெற்றியில் அடித்துக்கொண்டார். "அண்ணே! அரை மணி ஆச்சுன்னு பூட்டுக்கு எப்படித் தெரியும்? அதுக்கிட்ட வாட்சா இருக்கு?"

எல்லோரும் அசந்துபோனார்கள். ஆபீஸ் சுவர்க் கடிகாரத்தைக் கழற்றி வந்து, சணல் கயிற்றால் பூட்டில் கட்டித் தொங்கவிட்டார்கள்.

"முகம் நம்மளப் பாத்தில்ல இருக்கு" என்றார் தணிகாசலம். "பாக்க வேண்டியது பூட்டுதானே?"

கடிகாரத்தைத் திருப்பிக் கட்டினார்கள். அதற்குப் பிறகு மணி என்ன என்று அவர்களுக்கும் தெரியவில்லை.

அங்கயற்கண்ணி நேரே விடுதிக்குப் போயிருக்கலாம். பைக்குள் ஹால் டிக்கெட் இருக்கிறது, படிக்க நாலு பாடம் பாக்கி. ஆனால் அவளுக்கு ஒரு வியாதி. ஜெயித்த பிறகும் வாதாடுவாள். ஆபீசைச் சுற்றிக்கொண்டு முன்வாசலுக்கு வந்து, பெஞ்சுக்குப் பின்னால் இடுப்பில் கைவைத்து நின்றாள்.

"யாருக்காகக் காத்துக்கிட்டு இருக்கீங்க?"

"உள்ள ஒரு பொண்ணு பூட்டிக் கிடக்கு" என்றார் தணிகாசலம், பூட்டிலிருந்து கண்ணை எடுக்காமல். "சத்தம் போடாத. பூட்டு மணி பார்க்குது."

"அந்தப் பொண்ணு நான்தான்! வெளிய வந்துட்டேன்! என் மூஞ்சியப் பாருங்க!"

"பூட்டு திறக்கல, நீ எப்படி வெளிய வந்தே? பூட்டு பொய் சொல்லுமா, மனுஷங்க பொய் சொல்வாங்களா?"

அவள் ஹால் டிக்கெட்டை எடுத்து நீட்டினாள். "இதோ! உள்ள இருந்துதானே இத எடுத்திருக்க முடியும்!"

அந்த நேரம் பார்த்து, கேள்வி கேட்க யாரும் வராமல் போகவே, கோமதிநாயகம் புத்தகத்தை அணைத்துக்கொண்டு வந்து சேர்ந்தார். தணிகாசலம் எழுந்து நின்றார். "டைரக்டரியே வந்துட்டுது. கேட்டுடுவோம். இந்தப் பொண்ணு அங்கயற்கண்ணியா?"

கோமதிநாயகம் அவளைப் பார்த்தார். "ஆம்."

"அப்பாடா" என்றாள் அவள்.

"மூணு தடவை தப்பாச்சே, அந்த அங்கயற்கண்ணியத்தான நாங்க உள்ள பூட்டினோம்?"

"ஆம்."

"பூட்டினதுக்கு அப்புறம் இந்தப் பூட்டத் திறந்தோமா?"

"இல்லை."

"அப்போ ரெண்டு பேர்" என்றார் பொன்னுரங்கம், நிம்மதியாக. "உள்ள ஒருத்தி, வெளிய ஒருத்தி."

"அப்ப இது உள்ள இருக்கறவளோட ஹால் டிக்கெட்" என்று தணிகாசலம் வெடுக்கென்று அதைப் பிடுங்கினார். "பாவம், பரீட்சையப் பத்திப் புலம்பிக்கிட்டே இருந்துது அந்தப் பொண்ணு." குனிந்து, கதவுக்கு அடியில் அதைச் செருகினார். பாதி உள்ளே போய், பாதி வெளியே நின்றது.

அங்கயற்கண்ணியின் ஒரு வருஷம் கதவுக்கு அடியில் கிடக்கிறது. அவள் அங்கே நிற்கவில்லை. ஆபீசைச் சுற்றி ஓடினாள். பின்கதவைத் தள்ளி உள்ளே பாய்ந்தாள். தரையில் மண்டியிட்டு, கதவுக்கு அடியில் தெரிந்த முனையைப் பிடித்து இழுத்தாள்.

வெளியே பெரிய ஆரவாரம்.

"வாங்கிக்கிட்டா! வாங்கிக்கிட்டா! உள்ளதான் இருக்கா!"

"நான் வெளியதான் சார் இருந்தேன்!" என்று அவள் கதவுக்கு இந்தப் பக்கமிருந்து கத்தினாள்.

"உள்ள இருந்துகிட்டே வெளிய இருந்தேங்கறியேம்மா" என்றது தணிகாசலத்தின் குரல், அன்போடு. "பயத்துல உளறுது. கொஞ்சம் படுத்துக்கோ."

அவள் ஹால் டிக்கெட்டை மார்போடு அணைத்துக்கொண்டு, பின்வாசல் வழியாகப் போய்விட்டாள். அதற்கு மேல் ஒரு வார்த்தை பேசவில்லை. மறுநாள் பத்து மணிக்கு ஹாலில் உட்கார்ந்து தர்க்கவியல் எழுதினாள். அதே பத்து மணிக்குத் தணிகாசலம் ஹாலுக்கு வந்து, உள்ளே இருப்பவளுக்கென்று இன்னொரு வினாத்தாள் கேட்டு வாங்கிப்போய்க் கதவுக்கு அடியில் தள்ளினார். பொன்னுரங்கம் கதவில் வாயை வைத்து, "முதல் கேள்வி ஈசிதான் பாப்பா, பதட்டப்படாத!" என்றார்.

ஒரு மாதம் கழித்து முடிவுகள் வந்தன. அங்கயற்கண்ணி (வெளியே) முதல் வகுப்பு. அங்கயற்கண்ணி (உள்ளே) தேர்வுக்கு வரவில்லை.

வெளியே இருப்பவள் பட்டம் வாங்கிக்கொண்டு போய்விட்டாள். இன்ஜினியர் சொன்னபடி அந்தத் திங்கட்கிழமையே கேபிள் வந்திருந்தது; அதைக் கொண்டுபோய் வைக்க வேண்டிய அறை பூட்டியிருந்ததால் திருப்பி அனுப்பிவிட்டார்கள். உள்ளே இருப்பவளுக்கு மறுதேர்வுத் தேதி வரும்போதெல்லாம் ஒரு புது ஹால் டிக்கெட் அச்சடித்துக் கதவுக்கு அடியில் தள்ளுகிறார்கள். பூட்டில் தொங்கும் கடிகாரம் நின்றுபோனால் பூட்டுக்கு நேரம் தெரியாமல் போய்விடும் என்று, சடகோபன் அதற்கு மட்டும் மறக்காமல் பேட்டரி மாற்றுகிறார்.